பெட்டிக்குள் போன ஆசானும் வாசலில் நின்ற மருமகனும்

பதினொரு வயதில் எனக்கு வெள்ளைத்தாடி இருந்தது. பஞ்சுத்தாடிதான். அதை ஒட்டிக்கொண்டு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு யூத ஆசானாக நான் சவப்பெட்டிக்குள் படுத்த கதையை எங்கள் வீட்டில் இப்போது யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அம்மா தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். எனக்கோ அது என் வாழ்நாளின் ஆகச்சிறந்த நடிப்பு. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் பள்ளிக்கூடத்துச் சமயப் பாடத்தில் தொடங்கியது. எந்தச் சமயமானாலும் சரி, ஒரு பெரியவரைப் பற்றி எழுதி வாருங்கள் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் கேள்விப்பட்ட பெயர்களாகப் பார்த்து முந்திக்கொண்டார்கள். நான் நூலகத்தில் யாரும் தொடாத ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்தேன். அதில் ஒரு கிழவர் சவப்பெட்டிக்குள் உயிரோடு படுத்திருந்தார். அதற்குமேல் வேறு பெரியவர் எனக்குத் தேவைப்படவில்லை.

அவர் பெயர் யோகனான் பென் சக்காய். ஜெருசலேமில், பெருங்கோயிலின் நிழலில் இருந்து பாடம் சொன்ன ஆசான். ரோமப் படை வந்து நகரத்தைச் சுற்றி வளைத்தது. உள்ளே பசி. நகரத்துக்குள் இருந்த போராளிகளோ கடைசிவரை சண்டைதான் என்று வாசல்களை அடைத்துக்கொண்டு ஒருவரையும் வெளியே விடவில்லை. செத்தவர்களை மட்டும் புதைக்கக் கொண்டுபோகலாம். அந்தப் போராளிகளுக்குத் தலைவன் யார் தெரியுமா? ஆசானுடைய சொந்த மருமகன், கூடப்பிறந்தவளின் மகன். ஆசான் அவனை ஒளித்துக் கூப்பிட்டு, நான் வெளியேற ஒரு வழி சொல் என்றார். செத்தவர்போலப் படுங்கள், மாணவர்கள் தூக்கட்டும் என்று வழி சொன்னது அவன்தான். வாசலில் காவல்காரர்கள் பிணத்தை ஈட்டியால் குத்திப் பார்க்க வந்தபோது, சொந்த ஆசானையே குத்தினார்கள் என்று உலகம் பேசும் என்று சொல்லித் தடுத்ததும் அவன்தான். பெட்டி வெளியே போனது. ஆசான் எழும்பி நேரே ரோமத் தளபதியிடம் போய், நீ சக்கரவர்த்தி ஆகப்போகிறாய் என்றார். சொல்லி வாய் மூடுமுன் அந்தச் செய்தியும் வந்து சேர்ந்தது. மகிழ்ந்துபோன தளபதி, என்ன வேண்டும், கேள் என்றான். அவர் நகரத்தைக் கேட்கவில்லை. யவ்னே என்ற சின்ன ஊரையும் அங்கே இருக்கும் ஆசிரியர்களையும் விட்டுவிடு என்றார்.

நகரம் எரிந்தது. கோயிலும் எரிந்தது. யவ்னேயில் பாடம் நடந்தது. கோயில் இல்லாமல் எப்படிக் கும்பிடுவது, பண்டிகை நாளை யார் குறிப்பது, எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அந்தச் சின்ன ஊரில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்தார்கள். எங்கள் பஸ் போகிற வழியில் சில யூத வீட்டு யன்னல்களில் வெள்ளிக்கிழமை மாலை மெழுகுதிரி எரிவது அந்த மனிதர் பெட்டிக்குள் படுத்ததால்தான் என்று, கொஞ்சம் கூட்டித்தான், அப்பாவுக்கு விளக்கினேன். அப்பா, அடுத்த தரிப்பில் இறங்கவேண்டும் பிள்ளை என்றார்.

அந்த வருடம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா நாடகப் போட்டிக்கு 'உலக அறிஞர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். நான் கையை உயர்த்திய வேகத்தில் பக்கத்துப் பிள்ளையின் கண்ணாடி விழுந்தது.

எங்கள் வகுப்பு நாடகங்களை எப்போதும் பழக்குகிறவர் மாமா, அம்மாவின் தம்பி. பாரிஸில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் அறை எடுத்துக்கொண்டு, ஊர்முழுக்கச் சமையலறை அலுமாரி பொருத்திக்கொடுக்கிற வேலை. சாமான் ஏற்ற வானும் இருந்தது, மண்டபத்தின் கடைசி வரிசைவரை போகும் குரலும் இருந்தது. பள்ளிக்கு வேறென்ன வேண்டும்? கதையைச் சொன்னதும் அவருக்குப் பெட்டி பிடித்துவிட்டது. யாரோ வேண்டாம் என்று கழற்றிப்போட்ட அலுமாரிக் கதவுகளைக் கொண்டு எங்கள் வீட்டுப் பின்வளவிலேயே செய்துமுடித்தார். வெள்ளை வெளேரென்று மினுங்கிய சவப்பெட்டி. மூடிக்கு, தட்டிவிட்டால் சத்தமில்லாமல் தானாக மெல்ல மூடிக்கொள்ளும் புதுவகைப் பிணைச்சல். ஜெருசலேமில் அப்படியொரு வசதி இருந்திருக்காது.

அம்மாவுக்குத்தான் ஆகவில்லை.

"உயிரோட இருக்கிற பிள்ளையைப் பெட்டிக்குள்ள வைக்கிறதோ? உங்களுக்கெல்லாம் விசரே?"

"அக்கா, இது நாடகம்."

"நாடகமெண்டாப்போல பெட்டி பெட்டியில்லையோ?"

கடைசியில் நிபந்தனைகளோடு சம்மதித்தார். மூடி முழுக்க மூடக்கூடாது. வீட்டுக்குள் கால் வைக்குமுன் தலைமுழுக வேண்டும், நாவூறு கழிக்க வேண்டும். தலை தெற்குப் பக்கம் இருக்கவே கூடாது. அது பிணத்துக்குரிய திசை. அப்பா மண்டபத்துக்குப் போய் மேடையில் நின்று போனில் திசை பார்த்தார். நகர வாசல் இருந்த வலதுபக்கம் சரியாகத் தெற்கு. அப்படியென்றால் கால் முன்னால் போகட்டும் என்றார் மாமா. கால் முன்னால் போகிறதுதான் பிணம் என்றார் அம்மா. இரண்டு பேரும் நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு ஜெருசலேமின் வாசலைக் கழற்றி மேடையின் இடதுபக்கம் பொருத்தினார்கள்.

தம்பிக்கு ஆறு வயது. அவனுக்கு ஈட்டிக்காரன் வேடம், ஒரே ஒரு வசனம்: "குத்திப் பார்ப்போம்!" அதை அவன் தோசைக்கும் சொன்னான், தலையணைக்கும் சொன்னான், கதவைத் தட்டிய பார்சல்காரருக்கும் சொன்னான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமா எழுதிக்கொண்டு வந்த வசனங்களை முழுதாக வாசிக்கும்வரை. வாசலில் நிற்பது ரோமப் படை என்று எழுதியிருந்தார். மருமகனைக் காணவில்லை.

"மாமா, இது பிழை. ரோமன் ஆமி வெளியில நிக்குது. வாசல்ல நிக்கிறது அவற்ற சொந்த ஆக்கள்."

"நாடகத்துக்கு ஆமிதான் எடுப்பு. செம்புச் சட்டை, தொப்பி. சனத்துக்குப் பாத்தவுடன விளங்கும்."

"பிழையா விளங்கும்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்தில கிடக்கு."

"புத்தகம் எழுதின ஆள் வாசல்ல நிண்டவரோ?"

"அப்ப நீங்க நிண்டனீங்களோ?" என்றேன்.

நல்ல பதிலடி என்று நினைத்தேன். தம்பி மட்டும் சிரித்தான். அப்பா சப்பாத்தைப் பார்த்தார். மாமா கையிலிருந்த அளவுநாடாவை நீளமாக இழுத்து, விட்டு, அது உள்ளே ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வந்து, "காணும். எல்லாரும் சாப்பிட வாங்கோ" என்றார். அப்போது மாலை நான்கு மணிகூட ஆகவில்லை.

சாப்பிட்ட பிறகு மாமா என்னை வானுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் என்னோடு கோபித்ததே இல்லை, அன்றும் கோபிக்கவில்லை.

"பிள்ளை, அந்த ஹோலுக்கு வாற சனத்தில கனபேருக்கு வாசலெண்டா என்னெண்டு தெரியும். ஆமிக்காரன் நிண்டா அழுதுபோட்டு வீட்ட போவினம். தங்கட பெடியள் நிண்டால் ஆற்ற முகத்தைப் பாக்கிறதெண்டு தெரியாமல் இருப்பினம். உது தேவையோ?"

"மருமகன் இல்லாட்டி கதையே இல்லை மாமா."

"ஒரு மருமகன் குறைஞ்சால் என்ன?"

"அப்ப நான் பெட்டிக்குள்ள படுக்கமாட்டன்."

இங்கேதான் என் பலம் இருந்தது. லண்டன் முழுக்கத் தேடினாலும் பிள்ளையைச் சவப்பெட்டிக்குள் படுக்கவிடச் சம்மதிக்கும் இன்னொரு தமிழ்த் தாய் கிடைக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த சனிக்கிழமை நான் தாடியை ஒட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் நின்றேன். போட்டி நெருங்கியது. பள்ளி அதிபர் ஒத்திகை என்னாயிற்று என்று கேட்கத் தொடங்கினார். கடைசியில் மாமா புதிய தாள்களோடு வந்தார்.

"இந்தாங்கோ மேடம். உங்கட மருமகன் வாசலுக்கு வந்திட்டான்."

காட்சி பிரமாதமாக இருந்தது. "பெட்டிக்குள் இருப்பவர் யார்?" என்று மருமகன் அதட்டுவான். "எங்கள் ஆசான், இறந்துவிட்டார்" என்று மாணவர்கள் அழுவார்கள். தம்பி தன் ஒரே வசனத்தைக் கத்துவான். மருமகன் கையை உயர்த்தி, "வேண்டாம், சொந்த ஆசானையே குத்தினார்கள் என்று உலகம் சொல்லும்" என்பான். வாசல் திறக்கும். மாமா நல்ல தமிழ் எழுதுவார். நான் பெருமையோடு அவரை மன்னித்தேன்.

மருமகனாக நடிக்க இருந்தது விழாக் குழுவில் இருந்த ஒரு கடைக்காரரின் மகன், நெட்டையன். விழாவன்று மத்தியானம் அவனுடைய தகப்பன் மண்டபத்து வாசலில் வைத்து மாமாவைப் பிடித்துக்கொண்டார். உடுப்பு மாற்றும் அறையின் கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"என்ன கதை பழக்கிறீர் ஐசே? எங்கட ஆக்களையே பிழையாக் காட்டுறீரோ?"

"அண்ணை, இது யூதற்ற கதை."

"ஆற்ற கதையெண்டு எனக்கு விளங்கும். என்ர பெடியன் அந்த இடத்தில நிக்கமாட்டான்."

நெட்டையனை அவர் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அவன் போகும்போது திரும்பி, தன்னுடைய சிப்ஸ் பக்கற்றை நான் எடுக்கலாம் என்று சைகை காட்டினான். எங்கள் நாடகத்துக்கு முன் இன்னும் இரண்டு நடனங்களே இருந்தன. மற்றப் பையன்கள் எல்லோரும் பெட்டி தூக்க வேண்டும். மாமா அறைக்குள் வந்து, ஒருவரையும் பார்க்காமல், மருமகனின் மேலங்கியை எடுத்து உதறினார்.

"நான் நிக்கிறன்."

அம்மா எனக்குத் தாடி ஒட்டிக்கொண்டிருந்தார். பசை விரலோடு எழும்பினார்.

"தம்பி, வேண்டாமடா."

"ரெண்டு மூண்டு வசனம் அக்கா. நானே எழுதினது. என்ன வரப்போகுது?"

"நாடகம் இல்லாட்டிப் போகுது. பிள்ளைக்கு நான் சொல்லுறன்."

நான் பயந்துபோனேன். அம்மாவின் குரலில் ஏதோ இருந்ததால் அல்ல. நாடகம் நின்றுவிடும் என்று. "மாமா நல்லா நடிப்பார் அம்மா!" என்று தாடிக்குள்ளிருந்து கத்தினேன். மாமா சிரித்தார். அந்த மேலங்கி அவருக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"இண்டைக்கு நான்தான் உங்கட மாமா. தெரியுமோ?" என்றேன்.

"ஓம் மாமா. பெட்டிக்குள்ள ஏறுங்கோ மாமா."

நான்கு பையன்கள் என்னைத் தூக்கினார்கள். அம்மாவின் நிபந்தனைப்படி மூடி கொஞ்சம் திறந்திருந்ததால் அந்த இடைவெளியால் மண்டபத்தின் ஒரு துண்டு எனக்குத் தெரிந்தது. பெட்டி மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் ஒரு ஐயா எழும்பி நின்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசை வரிசையாகக் கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல நாடகத்துக்கு இப்படி எழும்பி நின்று கை தட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் இந்த வரவேற்பா என்று பூரித்துப்போனேன். கைதட்டல் மட்டும் ஏன் வரவில்லை என்று கொஞ்சம் யோசனையாக இருந்தது. ஊரில் தெருவால் பிரேதம் போனால் இருக்கிறவர்கள் எழும்புவார்கள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவர்களும் அதை யோசித்து எழும்பியிருக்கமாட்டார்கள்.

பெட்டி வாசலுக்கு வந்தது. மருமகன் அதட்ட வேண்டிய நேரம். சத்தமில்லை. மாணவர்களில் ஒருவன், கேட்காத கேள்விக்கு, "எங்கள் ஆசான், இறந்துவிட்டார்" என்று தானாகவே பதில் சொன்னான். அதற்கும் சத்தமில்லை. இனிப் பொறுக்கமுடியாது என்று தம்பி ஈட்டியை உயர்த்தி, மண்டபம் அதிர, "குத்திப் பார்ப்போம்!" என்றான்.

மாமா அவனுடைய கையிலிருந்து ஈட்டியை மெதுவாக, நித்திரையாகிவிட்ட பிள்ளையிடமிருந்து விளையாட்டுச் சாமானை எடுப்பதுபோல எடுத்து, நிலத்தில் வைத்தார். பிறகு பெட்டியின் மேல் குனிந்து மூடியை உயர்த்தினார். அவருடைய முகம் எனக்கு மிக அருகில் இருந்தது.

"மாமா, உலகம் சொல்லும், உலகம் சொல்லும்" என்று உதட்டை அசைக்காமல் அடியெடுத்துக் கொடுத்தேன்.

"போங்கோ அப்பு" என்றார். நாடகத் தமிழ் இல்லை, வீட்டுத் தமிழ். "நான் ஒண்டும் கேக்கேல்லை. நீங்க போங்கோ."

அப்பு என்று ஊரில் தகப்பனைக் கூப்பிடுவார்கள். இந்த நாடகத்தில் அப்பு என்று ஒருவரும் இல்லை. அதோடு விட்டாரா? வாசலைத் தானே திறந்து, பெட்டியின் தலைப்பக்கத்தை இரண்டு கையாலும் தாங்கி, பையன்களோடு சேர்ந்து தானும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே வந்துவிட்டார். காவல்காரன் காவலை விட்டுவிட்டு வந்த கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

மிச்சத்தை நான் காப்பாற்றினேன். பெட்டியிலிருந்து எழும்பி, தளபதிமுன் நின்று, யவ்னேயையும் அதன் ஆசிரியர்களையும் தா என்று கேட்டேன். தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியும் நிறுத்தவில்லை. அப்போது கைதட்டல் வந்தது. எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

அந்த ஆசானை நான் அதன்பிறகும் விடவில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அவருக்குப் பின்னால் வந்த ஒரு பெரியவர், நகரத்தைக் கேட்கத் தெரியாதவர் என்று அவரைக் குறை சொன்னாராம். ஆசானே சாகும்போது மாணவர்கள் முன்னால் அழுதாராம், சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ, தன்னை எந்த வழியால் கொண்டுபோவார்களோ தெரியாது என்று. நான் இன்றைக்கும் அவர் கட்சிதான். கிடைக்காததைக் கேட்டுக் கைதட்டு வாங்குவதைவிடக் கிடைக்கக்கூடியதைக் கேட்டு நாலு பேருக்குப் பாடம் நடத்துவது பெரிய காரியம் என்று யாரோடும் வாதாடுவேன். எங்கள் சனிக்கிழமைப் பள்ளியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாசலைப் பற்றி எனக்குச் சொன்னது அம்மா. நான் பல்கலைக்கழகத்துக்குப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். மாமாவுக்குப் பதினேழு வயது. வன்னியில் இயக்கத்தின் சோதனைத் தடை ஒன்றில் துவக்கோடு நிற்கவிட்டிருந்தார்கள். பாஸ் இல்லாமல் ஒருவரும் தாண்டக்கூடாது. ஒருநாள் தாத்தா, மாமாவின் தகப்பன், சைக்கிளில் வந்தார், நெஞ்சுநோவோடு, அந்தப் பக்கத்து ஆசுப்பத்திரிக்குப் போக. கையில் பாஸ் இல்லை. சுற்றிவர மற்றப் பெடியன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா திருப்பி அனுப்பினார். தாத்தா சைக்கிளைத் திருப்பினாராம். மாமா அவரைக் கண்டது அதுதான் கடைசி. இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மா, "குளிருக்கு இது காணுமோ?" என்று என்னுடைய ஜக்கற்றைத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் விழாவன்று பின்னேரம் இதொன்றும் எனக்குத் தெரியாது. பெட்டி வானின் பின்னால் இருந்தது. நான் முன்சீட்டில், நாடியில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டு, கடும் கோபத்தில் இருந்தேன்.

"உங்களாலதான் ரெண்டாம் பரிசு."

"ஓம் பிள்ளை. நான்தான் குழப்பிப்போட்டன்."

அவர் அப்படி உடனே ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். சிக்னலில் வான் நின்றது. பச்சை விழுந்த பிறகும் மாமா வானை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"அந்தத் தளபதி கேள் எண்டு சொன்னவனெல்லோ?" என்றார். "ஊரைக் கேட்டார், வாத்திமாரைக் கேட்டார். வாசல்ல நிண்ட மருமகனை அவர் கேக்கேல்லையோ?"

புத்தகத்தில் எனக்குத் தெரியாத பக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

"இல்லை மாமா. அவன்ர வேலை வாசலோட முடிஞ்சுது" என்றேன்.